சத்துவாச்சாரி மொழிபெயர்ப்புக் கடை: அக்காவின் கனடா பி.ஆர். பேப்பருக்காக நாலு தடவை போன அனுபவம்

மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாம் ஆட்களுக்கும், வெளிநாட்டில் அகதி அந்தஸ்து கிடைத்தவர்களின் குடும்பம் வேலூர்ப் பக்கம் இருந்தால் அவர்களுக்கும் இது உதவும். சத்துவாச்சாரியில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் ஒரு தட்டச்சுக் கடை. பலகையில் பெயரே இல்லை, ‘தமிழ் - ஆங்கிலம் மொழிபெயர்ப்பு’ என்று மட்டும் எழுதியிருக்கும். வயதான ஐயா ஒருவரும் அவருடைய மருமகளும்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

அத்தானின் அகதிக் கேஸை கனடாவில் ஏற்றுக்கொண்டு விட்டார்கள். அடுத்தது பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம். அதே விண்ணப்பத்தில் இங்கே இருக்கும் அக்காவையும் ரெண்டு பிள்ளைகளையும் சேர்க்க முடியும். தமிழில் உள்ள பத்திரம் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நான் இங்கிலீஷ் படித்தவள்தான், ஆனால் குடும்பத்தார் செய்த மொழிபெயர்ப்பை கனடா குடிவரவுத் துறை ஏற்பதில்லை. வெளியாள் செய்து, அவர் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால் நோட்டரி முன் சத்தியம் செய்த பிரமாணப் பத்திரமும் சேர்த்து வைக்க வேண்டும்.

முதலில் நாங்கள் போனது வேறொரு ஏஜென்டிடம். ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்டார், பத்தாயிரம் முன்பணம் கொடுத்தோம், அது திரும்பி வரவில்லை. பி.ஆர். உரிமைக் கட்டணம் என்று ஆளுக்கு 575 டாலர் தனியாகக் கேட்டார். அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அந்தக் கட்டணமே கிடையாது என்று அத்தானின் வக்கீல் சொல்லித்தான் தெரியும். அதைவிட மோசம், “இப்போ அக்காவை மட்டும் போடுவோம், பிள்ளைகளை அப்புறம் கூப்பிட்டுக்கலாம்” என்றார். விண்ணப்பத்தில் காட்டாமல் விட்ட பிள்ளையைப் பிற்பாடு ஸ்பான்சர் பண்ணும் வழியே அடைபட்டுப் போகலாம். இதைக் கேட்டு அக்கா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. தயவுசெய்து யாரும் இந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

சரி, இந்தக் கடைக்கு வருகிறேன். உட்கார்ந்ததும் ஐயா முதலில் சொன்னது, “நான் மொழிபெயர்ப்பேன், டைப் பண்ணுவேன், ஃபாரத்துல என்ன போடணும்னு யோசனை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா, அதை அங்க இருக்கிற வக்கீலைக் கேளுங்க.” கனடா குடிவரவு விஷயத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் பெற்ற வக்கீலுக்கும் ஆலோசகருக்கும்தான் அனுமதி. அதைத் தெரிந்து வைத்திருந்த முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்காவின் பிறப்புப் பத்திரம் மன்னாரில் எடுத்தது, கையெழுத்துப் பிரதி, மை மங்கிவிட்டது. தாத்தா பெயர் தர்மலிங்கம். இலங்கைப் பத்திரங்களில் அதை ஆங்கிலத்தில் ‘டி ஹெச்’ போட்டுத் தொடங்குவார்கள், அதாவது டீக்கு வரும் டி. இங்கே முகாம் அட்டையில் டெல்லிக்கு வரும் டி. ஐயா பூதக்கண்ணாடியை எடுத்து ரெண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். எந்தத் தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, ரெண்டும் ஒரே ஆள்தான் என்று அக்கா தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்துவிடட்டும், வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். ‘உதவி அரசாங்க அதிபர் பிரிவு’ என்ற சொல்லை (இலங்கையில் மாவட்டத்துக்குள் வரும் ஒரு நிர்வாகப் பிரிவு) தானாக எதையோ போட்டு நிரப்பாமல் என்னிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு எழுதினார். பிள்ளைகளின் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருப்பதால் “இதுக்குக் காசு வேணாம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ரொம்ப நேரம் பிடித்தது பத்து வருடக் கணக்கு. பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும் கடைசிப் பத்து வருடம் என்ன செய்தார்கள் என்று ஒரு மாதம்கூட இடைவெளி விடாமல் எழுத வேண்டும். வேலை இல்லாத மாதத்துக்கும் வேலை இல்லை என்று எழுத வேண்டும், வெறுமனே விடக் கூடாது. அக்கா ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் ரெண்டு முறை சேர்ந்து ரெண்டு முறை நின்றவள், தேதி எதுவும் நினைவில் இல்லை. ஐயாவின் மருமகள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, “கொரோனாவுக்கு எல்லாம் மூடினாங்களே, 2020 மார்ச், அப்போ கம்பெனில இருந்தீங்களா?”, “ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடியா பின்னாடியா?”, “சின்னவன் எல்.கே.ஜி. சேர்ந்த அப்புறமா?” என்று கேட்டுக் கேட்டு நிரப்பினார். பதிலை அவர் ஊகித்து எழுதவே இல்லை. அக்காவுக்கு வராத இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு, வீட்டில் சம்பளச் சீட்டு தேடிப் பார்க்கச் சொன்னார். ரெண்டரை மணி நேரம். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.

குறையும் உண்டு. ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் மூன்றுக்குத்தான் திறப்பார்கள், அது எங்கேயும் எழுதியில்லை, நாங்கள் ஒரு தடவை வெயிலில் காத்துக் கிடந்தோம். படிக்கட்டு செங்குத்து, முதியவர்களால் ஏற முடியாது. அவர்கள் அனுப்பி வைத்த ஸ்டுடியோவில் சாதாரண பாஸ்போர்ட் அளவில் எடுத்துவிட்டார்கள். கனடா பி.ஆர். படம் 50 மில்லிமீட்டர் அகலம், 70 மில்லிமீட்டர் உயரம், முகம் மட்டும் 31 முதல் 36 வரை. இதை நீங்களே எழுதி எடுத்துப்போய்க் காட்டுங்கள். எங்களுக்கு ரெண்டாவது முறை எடுக்க வேண்டியதாயிற்று.

பக்கத்துக்கு 300 ரூபாய், நோட்டரிக்குத் தனி. எங்களுக்கு மொத்தம் நாலாயிரத்துக்குள் முடிந்தது. மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள், கனடா குடிவரவுத் துறையின் கடிதம் வந்த பிறகு அவர்கள் குறித்துவைத்த டாக்டரிடம்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று போய்விடக் கூடாது. பெரியவளுக்குப் பத்தொன்பது ஆகிறது, இழுத்தால் 22 ஆகிவிடுமே, பிள்ளை என்று சேர்க்க முடியாமல் போய்விடுமே என்று அக்கா அழுதுகொண்டிருந்தாள். அத்தான் அகதிக் கோரிக்கை கொடுத்த நாளில் இருந்த வயதைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்று வக்கீல் சொன்ன பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

விண்ணப்பம் கிடைத்தது என்ற ஒப்புகை போன மாதம் வந்தது. அக்கா முதலில் போன் பண்ணியது ஐயாவுக்குத்தான். “சந்தோஷம்மா, அந்தக் கட்டம் போட்ட நோட்டுப் பக்கத்தைக் கிழிக்காம வெச்சிருக்கேன், நேர்ல வந்து வாங்கிட்டுப் போ, மறுபடி கேட்டாங்கன்னா அதையே பார்த்து சொல்லிடலாம்” என்றார்.