சங்குப்பூக் கொடி: சில வருடங்கள் வளர்த்துப் பார்த்த அனுபவம்

சங்குப்பூ என்று பேச்செடுத்தால் எல்லாரும் நேரே நீல டீக்குப் போய்விடுகிறார்கள். சில வருடங்களாக வேலியிலும் தொட்டியிலும் வளர்த்து வருகிறேன். என்னைக் கேட்டால் டீ இதன் சின்னப் பயன்தான். மண்ணுக்கு இது செய்கிற வேலைதான் பெரிது.

விதை ஓடு கெட்டி. அப்படியே ஊன்றினால் வாரக்கணக்கில் கிடக்கும். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊற வைக்கிறேன். காலையில் பருத்திருப்பவற்றை ஊன்றலாம், பருக்காதவற்றை மறுபடி தேய்க்கலாம். ஆணிவேர் ஆழமாகப் போகிற கொடி என்பதால் நிற்கப்போகிற இடத்திலேயே விதைப்பது நல்லது. பற்றி ஏற ஏதாவது இருந்தால் இரண்டு மூன்று மீட்டர் சுலபமாகப் போகும். வறட்சி தாங்கும், தண்ணீர் தேங்கினால் தாங்காது. உறைபனி விழும் இடத்தில் குளிர்காலம் தாண்டாது.

பூக்கவில்லை என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இரண்டே கேள்வி வைத்திருக்கிறேன்: வெயில் போதுமான அளவு படுகிறதா, தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் போட்டீர்களா? தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்கிற கொடிக்கு மேலும் அதையே கொடுத்தால் இலைதான் அடர்த்தியாக வரும். மூன்றாவது விஷயம் கொடியைக் கத்தரித்து விடுவது. பூ புதுத்தளிரின் இலைக்கணுவில்தான் வைக்கும். கொடி களைத்ததும் பாதி உயரத்துக்குத் தயங்காமல் வெட்டிவிடுகிறேன். தளிர் வந்த கையோடு மொட்டும் வந்துவிடும். காய் பிடிக்க விடாமல் பூவைத் தினமும் பறிப்பதும் முக்கியம். காய்கள் முற்ற ஆரம்பித்தால் பூ குறைந்துவிடும்.

ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவரைப் பூவில் மேலே நிற்கிற அகன்ற இதழ் இதில் கீழே விரிந்திருக்கும், நடுவில் வெள்ளையோ மஞ்சளோ கலந்த தடம் ஓடும். பூவே தலைகீழாகத் திரும்பி நிற்கிறது! மொட்டிலேயே பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுவதால், நீலமும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் என் விதைகள் நிறம் மாறாமல் வருகின்றன.

இனி டீ. சுவை என்று பெரிதாக ஒன்றுமில்லை, லேசான பச்சை வாசம்தான். காஃபின் கிடையாது. நீலத்துக்குக் காரணம் டெர்னாட்டின் என்கிற ஆந்தோசயனின் நிறமிகள். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி இளஞ்சிவப்புக்குப் போகும், சமையல் சோடா சேர்த்தால் பச்சை தட்டும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2021-ல் இந்தப் பூச்சாற்றை உணவு நிறமாக அனுமதித்தது. பூவைக் காலையில் பறித்து, பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு நிழலில் காய வைக்கிறேன். வெயிலில் காய்ந்தால் நிறம் மங்குகிறது.

ஞாபகசக்தி, சர்க்கரை, முடி என்று இதன் பெயரில் சொல்லப்படுவதை அப்படியே நம்பாதீர்கள். ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்வகத்திலும் எலிகளிடமும் நடந்தவை. விதையும் வேரும் பேதியாக்கும் குணமுள்ளவை, வீட்டு வைத்தியத்துக்கு வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களும் டீயைக்கூட மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும்.

மண்ணுக்கு வருகிறேன். பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மெதுவாகத் தோண்டி எடுத்தால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். உள்ளே பச்சையோ சாம்பலோ என்றால் அந்த முடிச்சு ஓய்ந்துவிட்டது. வேரில் சேர்ந்த நைட்ரஜன் மண்ணிலேயே இருக்கட்டும் என்று பழைய கொடியை நான் பிடுங்குவதே இல்லை. தரைமட்டத்தில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, தழையை மூடாக்காகப் பரப்புகிறேன். அடுத்து அங்கே வைக்கிற கீரைக்கு உரம் குறைவாகவே தேவைப்படுகிறது. ஆடு மாடும் தழையை விரும்பித் தின்னும். ஆஸ்திரேலியாவில் இதைத் தீவனப் பயிராகவே மேய்ச்சல் நிலங்களில் விதைக்கிறார்கள்.

விதைக்குச் சில காய்களை மட்டும் விட்டு, பழுப்பேறியதும் பறித்துவிடுங்கள். தாமதித்தால் வெடித்துச் சிதறி, அடுத்த மழைக்கு நினைக்காத இடத்திலெல்லாம் முளைக்கும்.