வாட்ஸ்அப் வட்டமா, ஜெமினியா, சாட்ஜிபிடியா, கைடா?

வீட்டுப்பாடத்துக்கு ஏஐயைத் தொடும் பிள்ளைகள் இந்த நாலையும் எடைபோட்டுப் பார்த்து எடுப்பதில்லை. கைக்கு எட்டுவதை எடுக்கிறார்கள். மக்கள் புதுத் தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்று ஆய்வாளர் வெங்கடேஷும் இன்னும் மூவரும் 2003இல் வகுத்த மாடல் நான்கு காரணங்களைச் சொல்கிறது: பயன், சுலபம், சுற்றியிருப்போர் சொல், வசதி. அங்கே பயனுக்கே முதலிடம். கொங்குப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளிடம் வசதிதான் முந்துகிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து அப்பா வந்தால்தான் வீட்டில் போன். ஸ்டோரேஜும் நிறைந்திருக்கும். அங்கே ஜெயிப்பது வாட்ஸ்அப்பில் வட்டக் குறியாக இருக்கும் மெட்டா ஏஐ. தனி ஆப் வேண்டாம், லாகின் வேண்டாம். ஆங்கில லெட்டர் ரைட்டிங்குக்குப் போதும். தமிழ்வழி ஐந்து மதிப்பெண் வினாவை மட்டும் அதனிடம் விடாதீர்கள்.

கணக்குக்கு ஜெமினியும் சாட்ஜிபிடியும் கிட்டத்தட்ட ஒரே தரம். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கணக்கு ஏற்கெனவே இருப்பதால் ஜெமினியைத் தொடங்க ஒரு வேலை குறைவு. சாட்ஜிபிடியின் இலவசக் கணக்கில் போட்டோ அனுப்ப வரம்பு உண்டு. 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதமும் வேண்டும். இரண்டிலும் தப்பு வரும் இடம் ஒன்றே. பிளஸ் டூ அணிகள் பாடத்தில் ஒரு கழித்தல் குறி நிழலில் மறைந்தால் மொத்தக் கணக்கும் போச்சு. அதனால் ஒரு போட்டோவுக்கு ஒரு கணக்கு. முதலில் கணக்கை அப்படியே திருப்பி எழுதச் சொல்லி, புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். பிறகு "முதல் படி மட்டும் சொல்" என்று கேளுங்கள். விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் சரிபாருங்கள். "ஏனுங்க சார், போட்டோ எடுத்தாலே வந்துருதுங்களே" என்கிற பிள்ளை இந்தப் படிகளைத்தான் தாண்டிவிடுகிறது.

அறிவியல், வரலாறு என்றால் எங்கள் ஓட்டு கூகுளின் நோட்புக் எல்எம் என்ற ஏஐ கருவிக்கு. பாடநூல் பிடிஎஃப்பை ஏற்றினால் அதிலிருந்தே பதில் சொல்லி, எடுத்த இடத்தையும் காட்டும். தமிழ் பிடிஎஃப் பழைய எழுத்துருவில் இருந்தால் எழுத்து குழம்பிப் பதில் உளறலாக வரும்; அப்போது வேண்டிய பக்கங்களைப் போட்டோ எடுத்து ஜெமினிக்குக் கொடுப்பதே வழி. பிள்ளைகளிடம் நோட்புக் எல்எம் அதிகம் பரவாததற்குக் காரணம் தரக்குறைவல்ல, கூடுதலாக இருக்கும் அந்த ஏற்றும் வேலை.

கைடை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். போன் அனுமதிக்காத நாமக்கல் விடுதிப் பள்ளியில் கைடும் வாத்தியாரும்தான். பொதுத்தேர்வு விடைக்குறிப்பு பாடநூலை ஒட்டியே இருப்பதால் மதிப்பெண்ணிலும் நஷ்டமில்லை.

கோவை இன்ஜினியரிங் கல்லூரிகளில் கதை வேறு. அங்கே ஆளுக்கொரு போன். சீனியர் காட்டும் கருவியே ஹாஸ்டல் முழுக்கப் பரவும். 2012இல் வெங்கடேஷின் அதே மாடலை விரித்தபோது விலையும் பழக்கமும் சேர்க்கப்பட்டன. 2025இல் ஜியோ வழியாக ஜெமினியின் கட்டணச் சேவை 18 மாதமும், தனியாக சாட்ஜிபிடி கோ என்ற கட்டணத் திட்டம் ஓராண்டும் இலவசமாக வந்தது விலை, பழக்கம் இரண்டையும் குறிவைத்துத்தான். இப்படி ஒன்றில் சேரும்போது கார்டோ யூபிஐயோ கேட்டால், இலவசக் காலம் முடிந்ததும் பணம் எடுக்கும் ஆட்டோபே அனுமதி அதில் இருக்கிறதா என்று பார்த்து, முடியும் தேதியைப் போனிலேயே குறித்துவையுங்கள்.