தும்மல் மாத்திரையையும் விசாரிக்கும் பல்சீரமைப்புச் சிகிச்சையகம்

பதின்பருவத்தில் இருக்கும் என் மகளுக்குப் பல்லில் கிளிப் போடுவதற்காகப் பாளையங்கோட்டையில் உள்ள இந்தச் சிகிச்சையகத்துக்குச் சென்று வருகிறோம். சிகிச்சை முடிய இன்னும் காலம் இருக்கிறது. ஆனாலும் இப்போதே எழுதுவதற்குக் காரணம், முதல் நாளில் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே மருத்துவர் அவளுடைய தும்மலைப் பற்றியும் அதற்கு அவள் சாப்பிடும் மாத்திரையைப் பற்றியும் விரிவாகக் கேட்டறிந்ததுதான். இதற்கு முன் நாங்கள் ஆலோசனை கேட்ட வேறோர் இடத்தில் கட்டணத்தையும் தவணையையும் சொன்னார்களே தவிர, இதை யாரும் கேட்கவில்லை.

நம் பகுதியில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, மலைக்குக் கிழக்கே பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றும் புழுதியும்தான். அந்த மாதங்களில் தும்மலும் மூக்கடைப்பும் பல வீடுகளில் வழக்கமாகிவிடுகின்றன. மருந்துக்கடையில் "அண்ணாச்சி, தும்மலுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் செட்ரிசினோ லிவோசெட்ரிசினோ கிடைத்துவிடும். சீட்டு இல்லாமல் வாங்கும் அந்த மாத்திரையை நாம் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்றே பதில் சொல்கிறோம். இங்கே மருத்துவர் மாத்திரையின் பெயரைச் சொல்லியே கேட்டார்.

பல் நகர்வதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். கம்பி பல்லை இழுப்பதனால் மட்டும் பல் நகர்ந்துவிடுவதில்லை. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்களும், இழுபடும் பக்கத்தில் புது எலும்பை உருவாக்கும் செல்களும் ஒருங்கே வேலை செய்தால்தான் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்ற அளவில் பல் இடம் மாறும். அந்த வேலையைத் தூண்டுவது பல்லைச் சுற்றி ஏற்படும் மெல்லிய அழற்சி. அலர்ஜியின்போது தும்மலையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளுக்கு இந்த அழற்சியிலும் எலும்புச் செல்களின் இயக்கத்திலும் பங்கு இருப்பதால், ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்ரிசின் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் பல்லின் நகர்வு குறையக்கூடும் என்பதே கேள்வி. எலிகளுக்கு செட்ரிசின் கொடுத்துச் செய்த ஆய்வில் பல்லின் நகர்வு குறைந்திருக்கிறது. மனிதர்களிடம் இது உறுதியாக நிறுவப்படவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அலர்ஜியும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்குப் பல்வேரின் நுனி சற்று அதிகமாகக் கரையக்கூடும் என்று சில ஆய்வுகளும், அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்று வேறு சில ஆய்வுகளும் கூறுகின்றன. இதனால், சிகிச்சை தொடங்கி ஓராண்டு ஆவதற்குள் முன்பற்களின் வேர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். பயமுறுத்தவும் இல்லை, ஒன்றுமில்லை என்று தட்டிக்கழிக்கவும் இல்லை. இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"நீங்களா மாத்திரைய நிறுத்திராதீங்க சார்" என்று அவர் அழுத்திச் சொன்னதை, இதைப் படிக்கும் பெற்றோர் கட்டாயம் மனத்தில் கொள்ள வேண்டும். மூக்கடைப்பு தீராமல் பிள்ளை ஆண்டுக்கணக்கில் வாயால் மூச்சு விட்டால், நாக்கு அண்ணத்தில் படியாமல் கீழே தங்கி, மேல்தாடை குறுகி, பல்வரிசை கெடவும் அதுவே ஒரு காரணமாகலாம். மூக்கைக் கவனிக்காமல் பல்லை மட்டும் சீராக்குவது அரைகுறை வேலை. ஆகவே எங்களைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கடிதத்துடன் அனுப்பினார். இப்போது மகள் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயைப் பயன்படுத்துகிறாள். மாத்திரை தேவைப்படும் நாளில் மட்டும். சாப்பிட்ட நாள்களைக் குறித்து வந்து அடுத்த சந்திப்பில் காட்டுகிறோம்.

கம்பியை முடுக்கிய பின் வரும் வலிக்கும் ஐபுபுரோஃபெனைத் தவிர்த்துப் பாராசிட்டமாலையே எழுதினார். பல்லை நகர்த்த உதவும் புரோஸ்டாகிளாண்டின்களை ஐபுபுரோஃபென் கட்டுப்படுத்துவதே இதற்குக் காரணம். அவில் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகள் வாயை உலரச் செய்யும். உமிழ்நீர் குறைந்தால் கிளிப்பைச் சுற்றிச் சொத்தை விழுவது எளிதாகும். இதற்காகவே உதவியாளர் ஒருவர் துலக்கும் முறையை மகளிடம் செய்து காட்டினார். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகுமா என்றும் மருத்துவர் விசாரித்தார். அது நிக்கல் ஒவ்வாமையின் அடையாளம். தொடக்கத்தில் போடும் நிக்கல்-டைட்டானியம் கம்பியின் எடையில் ஏறத்தாழப் பாதி நிக்கல்தான். என் மகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

குறைகளும் உண்டு. மாலை வேளையில் காத்திருப்பு நீளுகிறது. பெரியவர்கள் ஏறுவதற்கு மாடிப்படி வசதியாக இல்லை. கட்டணம் குறைவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் சொன்ன தொகைக்கு மேல் இதுவரை ஏதும் கேட்கவில்லை. என்னை உறுத்தும் பெரிய குறை வேறு. மருத்துவர் வாய்மொழியாகக் கேட்கும் இந்த நல்ல கேள்விகள் எவையும் முதல் நாள் நிரப்பச் சொல்லும் படிவத்தில் இல்லை. அந்தப் படிவமும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. ஆலங்குளத்திலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் பேருந்தில் பிள்ளைகளை அழைத்து வருவோர் தாங்களே படித்து நிரப்பும்படி அதைத் தமிழில் அச்சிட்டு, மருந்துக்கடையில் நேரே வாங்கும் மாத்திரைகளை எழுதவும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.