ஸ்பைடர்மேன் ‘ஒன் மோர் டே’ தொகுப்பு: பல வருடம் வைத்திருந்து சொல்கிறேன்

‘ஒன் மோர் டே’ காமிக்ஸ் தொகுப்பு ஆன்லைனில் நல்ல தள்ளுபடியில் வந்திருக்கிறது, வாங்கலாமா மாமா என்று அக்கா மகன் கேட்டிருந்தான். வேண்டாம் மாப்ள என்று அவனுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் இந்தப் புத்தகத்தை ஒரு வார்த்தையில் தள்ளிவிட மனசு வரவில்லை. பல வருடமாக என் அலமாரியில் இருக்கிறது. திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிறது, அந்தக் கோபம் சரிதானா என்று பார்க்க மறுபடி எடுக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2006இல் வந்த ‘சிவில் வார்’ கதையில் பீட்டர் பார்க்கர் ஊரறிய முகமூடியைக் கழற்றினான். அதன் விளைவாக, தாதா கிங்பின் ஏவிய ஆள் சுட்ட குண்டு, அவனை வளர்த்த மே ஆன்ட்டி மேல் பாய்ந்தது. மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்சே கைவிரித்துவிட்டார். அப்போது மெஃபிஸ்டோ என்ற சாத்தான் வந்து பேரம் பேசுகிறான்: ஆன்ட்டி பிழைப்பாள், பதிலுக்கு உனக்கும் மேரி ஜேனுக்கும் நடந்த கல்யாணத்தை எனக்குக் கொடுத்துவிடு. இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். விடிந்தால் அந்தக் கல்யாணம் நடந்ததே இல்லை. 1987இல் நடந்த கல்யாணம் 2007 டிசம்பர் கடைசியில், ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 545ஆம் இதழோடு, இப்படிப் போனது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது மார்வெலின் தலைமை ஆசிரியராக இருந்த ஜோ கெசாடாவே இதை வரைந்திருக்கிறார். வரைந்த கை லேசுப்பட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மே ஆன்ட்டியின் முகச் சுருக்கங்கள், நள்ளிரவுக்குக் காத்திருக்கும் அந்தக் கடைசிப் பக்கங்களில் மேரி ஜேனின் கண்கள், ரிச்சர்ட் இசனோவ் அடித்திருக்கும் இருண்ட வண்ணங்கள், எல்லாமே நின்று பார்க்க வைக்கும். கதையை மறந்துவிட்டுப் படங்களை மட்டும் புரட்டினால் கொடுத்த காசுக்கு மோசமில்லை. கதையைத்தான் மறக்க முடியவில்லை.

போன வருடம் என்னிடம் இருந்த பழைய ஸ்பைடர்மேன் தொகுப்புகளைப் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். மதுரை வெயிலுக்குப் பசை ஒட்டிய புத்தகங்கள் ரொம்ப நாள் தாங்காது. கத்திரி வெயிலில் முதுகு காய்ந்து விரிசல் விடும், அப்புறம் நடுப்பக்கங்கள் கொத்தாகக் கையோடு வந்துவிடும். மாசி வீதிப் பக்கம் ஒரு பெரியவர் இன்னமும் நூல் போட்டுத் தைத்து, காலிகோ துணி ஒட்டிக் கொடுக்கிறார். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி 2001 முதல் 2007 வரை எழுதிய கதைகள் மெல்லிசு மெல்லிசான தொகுப்புகளாக இருந்தன. அவற்றைச் சேர்த்துத் தடிமனாகத் தைக்கச் சொன்னேன். வரிசையில் கடைசியாக இருந்த ‘ஒன் மோர் டே’யைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இதையும் சேத்துப் போட்றவா தம்பி?” என்று கேட்டார். வேண்டாம், அது தனியாகவே இருக்கட்டும் என்றேன். அட்டை கிழியாத புத்தகம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் படித்துப் படித்து நைந்தவை.

சேர்க்காததற்குக் காரணம், அந்த மற்ற தொகுப்புகளுக்குள் இருக்கும் ஒரு இதழ். 2002இல் வந்த 38ஆம் இதழ் (இதழ் எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்த காலம் அது). அதற்குச் சற்று முன்னால், மோர்லன் என்ற வில்லனிடம் அடிபட்டு, கிழிந்த உடுப்போடு பீட்டர் தன் அறையில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கும்போது, மே ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்துவிடுவார். 38ஆம் இதழ் முழுக்க அந்த இரண்டு பேரின் பேச்சுதான். சண்டை இல்லை, வில்லன் இல்லை. ஆன்ட்டியின் கணவர் பென் அங்கிள் செத்ததற்கு நான்தான் காரணம் என்று பீட்டர் இத்தனை வருடம் மனசுக்குள் வைத்திருந்ததைச் சொல்கிறான். அன்றைக்கு ராத்திரி அவரோடு சண்டை போட்டது நான், அதனால்தான் அவர் வெளியே போனார் என்று அந்தம்மாவும் தான் சுமந்ததைச் சொல்கிறார். ஒரே வீட்டில் ஒரே சாவுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகக் குற்றவாளியாக இருந்திருக்கிறார்கள். ஜான் ரொமிட்டா ஜூனியர் ஒரு அறையையும் இரண்டு முகங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு அதை வரைந்திருக்கிறார். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஆரம்பித்து வைத்த கதைக்கு 40 வருடம் கழித்துக் கிடைத்த பதில் என்றுதான் அதைச் சொல்வேன்.

‘ஒன் மோர் டே’ அழித்தது கல்யாணத்தை மட்டும் இல்லை. ஸ்பைடர்மேன் யார் என்பது எல்லோர் மனதிலிருந்தும் துடைக்கப்பட்டது, மே ஆன்ட்டி மனதிலிருந்தும் சேர்த்து. அந்த உரையாடல் நடந்த நினைவு அந்தம்மாவுக்கு இல்லை. பெரியவரிடம் தனியாக வைக்கச் சொன்னது இதனால்தான். இரண்டையும் ஒரே அட்டைக்குள் தைத்தால் முன்னால் இருப்பது பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

மார்வெல் தரப்பு நியாயத்தையும் கேட்போம். கல்யாணமான ஸ்பைடர்மேன் வயசாளி ஆகிவிடுகிறான், காதல், தவிப்பு, தனிமை என்று எழுத இடமில்லை, விவாகரத்து செய்ய வைத்தாலும் மேரி ஜேனைச் சாகடித்தாலும் இன்னும் வயசாகிவிடுவான், அதனால் நடக்காத மாதிரி செய்வதுதான் வழி என்பது கெசாடா சொன்னது. எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கிக்கே இதன் முடிவில் சம்மதமில்லை. கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தன் பெயரை எடுத்துவிட நினைத்ததாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிறகு 2010இல், பழைய சம்பவங்கள் எல்லாம் நடந்தவைதான், சேர்ந்து வாழ்ந்தார்கள், தாலி மட்டும் ஏறவில்லை என்கிற மாதிரி இன்னொரு கதை எழுதி ஒட்டுப் போட்டார்கள். ஒட்டு போட்ட இடம்தான் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

கல்யாணம் ஆனால் கதை கிழடு தட்டிவிடும் என்கிற வாதத்தை மதுரைக்காரனிடம் சொல்ல முடியாது. சித்திரை பிறந்தால் இங்கே மீனாட்சிக்குக் கல்யாணம். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வருகிறார்கள், ஊர்ப் பெண்கள் அன்றைக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள், தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பிய அழகர் வைகையில் இறங்கும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேட்டு அப்படியே திரும்புகிறார். திக்விஜயம் போன ராணி குடும்பஸ்திரி ஆகிவிட்டாளே, இனி இவளிடம் கதை இல்லையே என்று ஒருத்தரும் சொன்னதில்லை. கல்யாணத்தைச் சுற்றித்தான் இந்த ஊரின் பெரிய கதையே ஓடுகிறது.

அதைவிட எனக்குப் பெரிய உறுத்தல், பேரத்துக்கு பீட்டர் சம்மதித்தது. பென் அங்கிள் சாவிலிருந்து அவன் படித்த பாடமே, செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் நீதான் பொறுப்பு என்பது. முகமூடியைக் கழற்றியது அவன் முடிவு. அதன் விலையைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் சாத்தானிடம் போய், நடந்ததை நடக்காததாக்கு என்கிறான். மே ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தம்மா என்ன சொல்லியிருப்பார்? 38ஆம் இதழைப் படித்த எவருக்கும் தெரியும். அவர் வாழ்ந்து முடித்தவர். பிள்ளைகளின் வாழ்க்கையை விலையாகக் கொடுத்துத் தன்னை எழுப்பச் சொல்லியிருக்க மாட்டார். அதே கதையில், பேரம் முடிந்தால் பிறக்காமலே போகப்போகும் மகளையும் ஒரு சின்னப் பெண் உருவில் காட்டுகிறார்கள். அதையும் காட்டிவிட்டு, அதே இதழின் கடைசியில் பார்ட்டியும் சிரிப்புமாக முடித்தால் வாசிப்பவனுக்கு எப்படி இருக்கும்?

மாற்றத்தை ஏற்காதவர்கள் என்று ரசிகர்களைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. 1973இல் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைச் சாகடித்தார்கள். வாசகர்கள் அழுதார்கள், திட்டினார்கள், ஆனால் அந்தச் சாவு அதற்குப் பின்னால் வந்த எல்லாக் கதைகளிலும் கூடவே வந்தது. நம் பக்கத்து சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் ஸ்பைடரைப் படித்து வளர்ந்தவர்கள் இருக்கிறோம். அது வேறு ஸ்பைடர், பிரிட்டன்காரர்களின் கூர்காது ஆசாமி. திருடனாக ஆரம்பித்து நல்லவனாக மாறினான். யாரும் குறை சொல்லவில்லை. ஆள் மாறலாம், அடி வாங்கலாம், சாகலாம். நீ படித்தது நடக்கவே இல்லை என்று சொன்னால்தான் வாசகனுக்கு வலிக்கும்.

பின்னால் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012 கடைசியில் 700ஆம் இதழில் பீட்டர் செத்து, அவன் உடம்பு வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் வசமே நின்றபோது, எழுதிய டான் ஸ்லாட்டுக்குக் கொலை மிரட்டல்கள் போயின. அசிங்கமான காரியம். எழுத்தாளரை மிரட்டுகிறவனை நான் ரசிகன் கணக்கில் சேர்க்க மாட்டேன். அந்த ‘சுப்பீரியர் ஸ்பைடர்மேன்’ கதையும் கடைசியில் அருமையாகத்தான் வந்தது.

சொல்லப்போனால் ‘ஒன் மோர் டே’க்குப் பிறகு வந்தவற்றில் நல்லவை நிறைய. 2008இலிருந்து மாதம் மூன்று இதழ் வீதம் ஓட்டினார்கள், எழுத்தாளர்கள் முறை வைத்து எழுதினார்கள். பீட்டரின் பள்ளித் தோழன் ஃபிளாஷ் தாம்சன் போரில் இரண்டு காலையும் இழக்கும் இதழைப் படித்துவிட்டு வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். 2011இல் வந்த 655ஆம் இதழில் பீட்டரின் பழைய பத்திரிகை முதலாளி ஜேம்சனுடைய மனைவியின் இறுதிச் சடங்கு நடக்கும் நாளை மார்க்கோஸ் மார்ட்டின் வரைந்திருக்கிறார். ஆரம்பப் பக்கங்களில் பேச்சே கிடையாது. விடிகிறது, அவர் எழுகிறார், சாவுக்குக் கிளம்புகிறார். ஸ்பைடர்மேனில் அதற்கு இணையான பக்கங்கள் குறைவு. இவையெல்லாம் கல்யாணம் இல்லாத ஸ்பைடர்மேன் கதைகள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபிளாஷ் கதைக்கோ ஜேம்சன் கதைக்கோ பீட்டர் பிரம்மச்சாரியாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கேயும் இல்லை. அந்த அறையில் மேரி ஜேன் இருந்திருந்தாலும் ஜேம்சன் அப்படித்தான் எழுந்திருப்பார்.

ஸ்டான் லீ பெயரில் வந்த செய்தித்தாள் தொடரில் இந்தக் கூத்து வேறு மாதிரி முடிந்தது. 2009 ஜனவரியில் அங்கேயும் பீட்டரைக் கல்யாணமாகாத கல்லூரிப் பையனாக்கினார்கள். வாசகர்கள் புகார் சொன்னார்கள். அதே வருடம் மே மாதம், அத்தனையும் கனவு என்று சொல்லி மேரி ஜேனைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். சில மாதத்தில் சரிசெய்ய முடிந்த விஷயம் இது.

மூலத் தொடரில் அந்த மனசு வரவில்லை. 2018இல் நிக் ஸ்பென்சர் எழுத வந்தபோது இருவரையும் சேர்த்து வைத்தார், மெஃபிஸ்டோவையும் கதைக்குள் கொண்டுவந்தார். சரி, இத்தனை வருடம் கழித்துக் கணக்கு தீர்க்கப்போகிறார்கள் என்று ஒவ்வொரு இதழையும் வெளியான அன்றே போனில் படித்தேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிட்டு வந்த அந்த வரிசையை 2021இல் 74ஆம் இதழோடு முடித்தார்கள். எதுவும் தீரவில்லை. 2022இல் புதிதாக ஆரம்பித்தபோது மேரி ஜேன் பால் என்ற வேறொருவனோடு, பிள்ளைகளோடு இருக்கிறாள். பின்னால் அந்தப் பிள்ளைகளும் மந்திரத்தால் வந்தவை என்றார்கள். 2023இல் மிஸ் மார்வெல் என்ற இளம் நாயகி கமலா கானை ஸ்பைடர்மேன் இதழில் சாகடித்து, சில மாதத்திலேயே எக்ஸ்-மென் பக்கம் உயிரோடு எழுப்பினார்கள். அழுவதற்குக்கூட வாசகனுக்கு நேரம் கொடுக்கவில்லை. இந்த மெத்தனம் எல்லாவற்றுக்கும் கதவு திறந்துவிட்டது 545ஆம் இதழ் என்றுதான் நான் நம்புகிறேன். நடந்ததை நடக்காததாக்கலாம் என்று ஒருமுறை பழகிவிட்டால், எதையும் கனமாக எழுத வேண்டிய அவசியம் போய்விடுகிறது.

2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மனும் மார்க்கோ செக்கெட்டோவும் ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ ஆரம்பித்தார்கள். அதில் பீட்டருக்குத் தாடி, மனைவி மேரி ஜேன், இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஊரைக் காப்பாற்றப் போகிறான். முதல் இதழை மறுபடி மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. குடும்பஸ்தன் ஸ்பைடர்மேனை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற வாதம் அதோடு முடிந்தது. ஆனாலும் அது வேறு உலகத்துப் பீட்டர். நான் கேட்பது என் பீட்டருக்கு.

‘ஒன் மோர் டே’ வாங்க வேண்டாம். தள்ளுபடியிலும் வேண்டாம். அந்தக் காசுக்கு 38ஆம் இதழ் உள்ள ஸ்ட்ராசின்ஸ்கி தொகுப்பை வாங்குங்கள், மிச்சம் இருந்தால் ‘அல்டிமேட்’ முதல் தொகுப்பு. படம் ஐந்துக்கு நாலு, கதை ஐந்துக்கு ஒன்று, மொத்தத்தில் நான் கொடுப்பது ஒன்றுதான். சராசரி போட்டுப் பார்க்க வேண்டாம். பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்டாயா என்று கேட்டால், இல்லை, போடவும் மாட்டேன். என்றைக்காவது மார்வெல் இந்தக் கல்யாணத்தைத் திரும்பக் கொடுத்தால் அந்த இதழை முழு விலைக்கு, முன்பதிவு செய்தே வாங்குவேன். அன்றைக்கு இதையும் அதையும் எடுத்துக்கொண்டு மாசி வீதிப் பெரியவரிடம் போய், எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கச் சொல்வேன்.