ஓட்டத்துக்கு முதல்நாளும் ஓடி முடித்த பிறகும்: கிளிநொச்சி அம்மாச்சி உணவகம்

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து நிற்கும் ஆடி, ஆவணி மாதங்களில் ஒரு வான் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியில் எங்கே சாப்பிடப் போகலாம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் அம்மாச்சி. ஏ9 வீதியால் போய்வருகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். வடமாகாண விவசாயத் திணைக்களம் அமைத்துக் கொடுத்த சைவ உணவகம் அது. சமைப்பதும் பெண்கள், விற்பதும் பெண்கள். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இதே பெயரில் இருக்கிறது. எனக்குப் பழக்கம் கிளிநொச்சி அம்மாச்சிதான், ஆகவே இங்கே எழுதுவது அதைப் பற்றி.

முதல்முறை போகிறவர்களுக்கு ஒன்று. உட்கார்ந்துகொண்டு ஆள் வந்து கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு தட்டியிலும் ஒவ்வொரு சாப்பாடு. ஒரு பக்கம் தோசைக் கல், இன்னொரு பக்கம் அப்பச் சட்டி, அதற்கடுத்து வடை, பிறகு கஞ்சியும் பழச்சாறும். உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் மாவை ஊற்றுகிறார்கள். விருப்பமானதை அந்தந்த இடத்தில் கேட்டு வாங்கி, அங்கேயே காசைக் கொடுத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வந்து இருக்கலாம். வயதானவர்களோடு போனால் முதலில் அவர்களை இருத்திவிட்டு, இளையவர்கள் இரண்டு பேர் எழும்பிப் போய் வாங்கி வருவது வசதி.

எங்கள் குடும்பத்துக்கு இந்த இடம் எவ்வளவு பொருந்துகிறது என்பதை இந்த வருடம்தான் முழுதாகக் கண்டேன். கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடம் விட்டதும் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஆடிப்பிறப்புக்கு முந்தி வருகிறவர்களுக்கு ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் கிடைக்கும். பிந்தி வருகிறவர்கள் நல்லூர்த் திருவிழாவைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். நல்லூர் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. சரி, சைவம்தானே, வேலை குறைவு என்று நினைக்கிறீர்களா? காலையில் இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் சோறும் ஐந்தாறு கறியும். பின்னேரம் தேத்தண்ணியோடு ஏதாவது பலகாரம். ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கியதும் பனங்காய்ப் பணியாரம் வேண்டுமென்று லண்டன்காரர் கேட்பார்கள். களி எடுத்து, காய்ச்சி, மா குழைத்து, அடுப்படியில் வெந்து சுடுவது அம்மாவும் மச்சாளும் நானும். மற்றவர்கள் முற்றத்து மாமர நிழலில் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் அந்தக் கதையை அடுப்படி ஜன்னலால் கேட்போம்.

போன தடவை ஒரு நாளாவது வெளியில் சாப்பிடலாம் என்று வேறொரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சோற்றில் கலர், கறியில் எண்ணெய் மிதந்தது. அன்றிரவு சின்னப்பிள்ளைகள் இரண்டு பேருக்கு வயிற்றோட்டம். அந்தக் கடையின் பெயரை விடுங்கள். அதற்குப் பிறகு, வெளிநாட்டுப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பதில் நான் மிகவும் கவனம்.

இந்த வருடம் ரொறன்ரோவிலிருந்து வந்த அண்ணாவின் மகள், ஊர் விளையாட்டுக் கழகத்தின் மரதன் ஓட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுக்கப் போய், என் பெயரையும் எழுதிவிட்டு வந்து நின்றாள்.

"மாமி, உங்கட பேரையும் குடுத்திட்டன். பொம்பிளையளுக்கு ஐஞ்சு கிலோமீற்றர்தான்."

"எனக்கு ஏலாது பிள்ளை. வெட்டச் சொல்லு."

"ஏலும் மாமி. கதைச்சுக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில ஓடினால் போதும். களைச்சா நடவுங்கோ, பிறகு ஓடுங்கோ."

எனக்கு உண்மையிலேயே விருப்பமில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றாலே கூடாரம் சோடிக்கிற பக்கம் போய்விடுகிற ஆள் நான். பிறகு இடப்பெயர்வு, வேலை, வீடு. ஓடுவது என்பது பஸ்ஸைப் பிடிக்கத்தான். ஆனால் அவள் விடவில்லை. விடியப்புறம் எழுப்பி வாய்க்கால் கரை வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரணைமடுக் குளத்திலிருந்து வருகிற தண்ணீர் ஒரு பக்கம், சிறுபோக வயல் மறுபக்கம். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. மூச்சு வாங்கிக் கதைக்க முடியாமல் போனால் வேகம் கூடிவிட்டது, உடனே குறைக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். சப்பாத்தைப் பின்னேரத்தில் போய் வாங்கச் சொன்னாள், பகல் முழுக்க நின்று நடந்தால் கால் கொஞ்சம் வீங்கியிருக்குமாம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்க வேண்டும். அது நல்ல புத்தி, எனக்கு நகம் ஒன்றும் கறுக்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில்தான் அம்மாச்சி உதவிக்கு வந்தது. ஓட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் எல்லாருமாகப் போனோம். ஓடுகிறவர்கள் என்ன சாப்பிடலாம், மற்றவர்கள் என்ன சாப்பிடலாம் என்று மருமகள் பிரித்துவிட்டாள். ஓடுகிறவர்களுக்குப் பால் அப்பம். பச்சரிசி மா, தேங்காய்ப் பால். வயிற்றில் பாரமாகக் கிடக்காத மாச்சத்து. அங்கே சுடுகிற அப்பத்தின் கரை பொருபொருவென்று பழுப்பு நிறத்தில் உடையும். நடு மட்டும் பஞ்சாக, பால் ஊறி இருக்கும். சட்டியில் இருந்து எடுத்த கையோடு சாப்பிட வேண்டும். பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் கரை இளகிவிடும், அது எந்த அப்பத்துக்கும் வருவதுதான். குரக்கன் புட்டை அன்று எனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். குரக்கனில் நார்ச்சத்து அதிகம், மெதுவாகத்தான் சமிக்கும். ஓடாத நாளுக்கு அது அருமையான சாப்பாடு, விடியற்காலையில் ஓட இருக்கிறவர்களுக்கு முதல்நாள் இரவு சரிவராது. வடைக்கும் அதே தீர்ப்பு. அண்ணா மட்டும் எனக்கு முன்னால் இருந்துகொண்டு உளுந்து வடையைச் சம்பலில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. விடியாத நேரத்தில் பிளேன்ரீ ஒன்று பனங்கட்டி கடித்துக் குடித்தேன், ஒரு கதலி வாழைப்பழம். ஆவணியில் வன்னியில் வெயில் ஏற முன்னர் முடித்துவிட வேண்டும், அதனால் வெளிச்சம் வந்ததுமே விசில் ஊதிவிட்டார்கள். தெற்குப் பக்கமாகப் போய்த் திரும்பி வருகிற பாதை. போகும்போது சோளகக் காற்று முகத்தில் அடித்தது. கிறவல் வீதியின் செம்புழுதி கண்ணுக்குள்ளும் பல்லுக்குள்ளும். ஓரிடத்தில் வீதியின் அரைவாசிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள், எல்லாரும் ஒற்றை வரிசையாக மற்றப் பக்கத்தால் ஓடினோம். நெல்லுக்குக் காவல் இருந்த ஐயா ஒருவர் எழும்பி நின்று கை தட்டினார். திரும்பி வரும்போது காற்று முதுகில். அப்போதுதான் எனக்குக் கால் இலகுவாக வந்தது. தண்ணீர் வைத்திருந்த மேசையில் நான் வருவதற்கிடையில் தண்ணீர் முடிந்துவிட்டது. கடைசியாக வருகிறவர்களுக்குத்தான் தண்ணீர் கூடத் தேவை, வெயிலில் அதிக நேரம் நிற்பது அவர்கள்தானே. நடத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நல்லவேளை, தாதியாக வேலை செய்கிற என் மச்சாள் ஒரு லீற்றர் தண்ணீரில் ஜீவனி என்கிற உப்புச் சர்க்கரைப் பக்கற்றைக் கரைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் வந்திருந்தாள் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். அவளும் அம்மாவும் சின்னம்மாவும் வீதிக் கரையில் நின்றார்கள். வழமையான ஞாயிறு என்றால் அந்த நேரம் மூன்று பேரும் இடியப்ப உரலோடு நின்றிருப்பார்கள். அன்று காலைச் சாப்பாடு அம்மாச்சியில் என்று முதலே முடிவாகியிருந்ததால் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. அம்மா என்னைக் கண்டதும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி கூடவே வந்தா. "இவ்வளவு காலத்தில நான் ஒரு ஓட்டப்போட்டியும் நிண்டு பாத்ததில்லை பிள்ளை" என்று பிறகு வானில் சொன்னா. எனக்குப் பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை, முழுத் தூரத்தையும் முடித்தேன். அந்த நாலைந்து அடி எனக்குப் போதும்.

வானால் இறங்கி நேராகக் கஞ்சிப் பக்கம் போனேன். உடம்பு உப்புக் கேட்டது. இலைக்கஞ்சி அவ்வளவு சூட்டிலும் எப்படித் தொண்டையால் இறங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. அரிசி குழைந்து, இலைச்சாறு பச்சையாக, தேங்காய்ப்பால் மணத்தோடு. வியர்த்துக் கொட்டிய உடம்புக்குத் தண்ணீரும் உப்பும் மாச்சத்தும் ஒரே கோப்பையில் கிடைக்கிறது. போத்தலில் விற்கிற நிறம் நிறமான பானங்களை விட இதைத்தான் நான் ஓடுகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன். இரண்டாவது கோப்பைக்குப் பிறகு தோசை. அதன் பிறகு, முதல்நாள் மறுக்கப்பட்ட குரக்கன் புட்டு, தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டு, வாழைப்பழத்தோடு. ரொறன்ரோப் பிள்ளைகள் உறைப்புக்குப் பயந்து அப்பத்தையும் மோதகத்தையும் மட்டும் சாப்பிட்டார்கள். பயறும் தேங்காயும் சர்க்கரையும் வைத்த மோதகம், அவித்த சூட்டோடு. பிள்ளைகளுக்கு அடுத்த நாள் வயிற்றில் ஒரு குறையுமில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை நியாயம். இவ்வளவு பேர் வயிறாரச் சாப்பிட்டும் அண்ணா பணப்பையைத் திரும்பத் திரும்பப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அந்தக் காசு கல்லடியில் நிற்கிற பெண்ணின் கைக்கே போகிறது என்பது எனக்கு முக்கியம். 2009க்குப் பிறகு வன்னியில் எத்தனை வீடுகளைப் பெண்கள் தனியே தாங்கி நிறுத்துகிறார்கள் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு அடுப்படியில் சம்பளமில்லாமல், பார்க்கவும் ஆளில்லாமல் நடக்கிற அதே வேலை, இங்கே வீதியோரத்தில் எல்லாரும் பார்க்க, காசுக்கு நடக்கிறது. அப்பத்தின் கரையைச் சட்டியில் சுழற்றி எடுக்கிற கைக்கு எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவ அந்தத் தட்டியடியில் கனநேரம் நின்று, மா புளிக்க விடுவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தா. தெற்கிலும் விவசாயத் திணைக்களம் 'ஹெல பொஜுன்' என்ற பெயரில் இப்படிப் பெண்களின் உணவகங்களை நடத்துகிறது. கண்டியால் வந்த மருமகள் கன்னொறுவையில் அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள், இரண்டும் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள்.

யாருக்குச் சரிவராது? மச்சம் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்பவர்களுக்கு. எங்கள் பாரிஸ் சித்தப்பா ஒடியல் கூழ் என்றதும் நண்டும் மீனும் தேடுகிற ஆள். ஒடியல் மாவை ஊறவைத்துப் பிழிந்து கயர்ப்பை எடுத்து, பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் போட்ட சைவக் கூழை அவருக்கு அறிமுகப்படுத்தலாம், நம்ப வைக்க முடியாது. குளிரூட்டிய அறையில் நீண்ட நேரம் இருந்து கதைக்க விரும்புகிறவர்களும் வேறு இடம் பார்க்கலாம். கதையை நாங்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடிக்கு மாற்றிக்கொண்டோம். பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துவிட்டு, கச்சான் வாங்கிப் பிரித்துப் போட்டுக்கொண்டு, மத்தியானம் வரை மர நிழலில்.

பெரிய கூட்டமாகப் போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு சொல்லாமல் ஆளுக்கொரு தட்டியாகப் பிரிந்து வாங்குங்கள், அப்பம் ஒவ்வொன்றாகத்தான் சுட வேண்டும். இரண்டு வகை வாங்கிப் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் தோசையும் அப்பமும் வேண்டாம், மோதகமும் கொழுக்கட்டையும் பின்னேரம் வரை தாங்கும். மூடியுள்ள பாத்திரம் ஒன்றை வானில் போட்டுக்கொண்டு போங்கள்.