நிடியாவா, லிகியாவா? பண்டைய ரோம் நாவல்களின் இரண்டு நல்ல பெண்கள்

பண்டைய ரோமைக் களமாகக் கொண்ட நாவல்களில் நல்ல மனசுக்காரப் பெண் ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அவள் நிஜமாகவே ஏதாவது செய்கிறாளா, இல்லை மற்றவர்கள் புகழப் புகழ நின்றுகொண்டிருக்கிறாளா? இந்தக் கேள்வியோடு இரண்டு புகழ்பெற்ற நாயகிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கதை முடிவுகளையும் சொல்லப்போகிறேன்.

முதலில் லிகியா. போலந்து எழுத்தாளர் ஹென்ரிக் சியென்கியேவிச்சின் ‘குவோ வாடிஸ்’ (1896) நாவலின் நாயகி. லிகியர் என்ற இனத்து மன்னனின் மகள். பணயமாக ரோமுக்கு வந்து, அவுலுஸ், பொம்போனியா தம்பதியிடம் மகளாக வளர்கிறாள். நீரோவின் அரண்மனைக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது உடனே தப்பி ஓட நினைக்கிறாள். ஆனால் அங்கிருந்து ஓடினால் வளர்த்தவர்கள் தலையில்தான் விடியும் என்று தெரிந்ததும் பொறுத்துக்கொள்கிறாள். பிறகு, தன் மேல் ஆசைப்பட்டுத் தூக்கிப்போக வந்த ரோமானிய வீரன் வினிசியுஸை அவளுடைய காவலன் உர்சுஸ் கொல்லப்போகும்போது தடுத்து, வினிசியுஸின் காயத்துக்கும் அவளே பணிவிடை செய்கிறாள். நாவலில் அவள் உயிரோடு தெரிவது இங்கேதான்.

அப்புறம் அவளை மற்றவர்கள்தான் சுமக்கிறார்கள். கி.பி. 64இல் ரோமில் நடந்த தீ விபத்துக்குப் பின் கிறிஸ்தவர்களை வேட்டையாடுகிறார்கள். கிறிஸ்தவளான லிகியாவைக் காட்டெருதின் மேல் கட்டி அரங்கத்துக்குள் விடுகிறார்கள். எருதின் கழுத்தை முறிப்பவன் உர்சுஸ். நாவல் எழுதப்பட்ட காலத்தில் போலந்தை ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. லிகியர்கள் வாழ்ந்ததும் ஏறக்குறைய அந்த மண்ணில்தான். ஒரு தேசத்தையே தோளில் ஏற்றிவிட்டால் பாவம், அந்தப் பெண்ணுக்குக் கோபப்படவோ தப்பு செய்யவோ இடம் ஏது?

எட்வர்ட் புல்வர்-லிட்டன் 1834இல் எழுதிய ‘பாம்பேயின் கடைசி நாட்கள்’ நாவலின் நிடியாவுக்கு அந்தச் சுமை இல்லை. தெஸ்ஸலியைச் சேர்ந்த பார்வையற்ற பூக்காரி. சாராயக்கடைக்காரன் ஒருவனின் அடிமை. அடி உதையிலிருந்து மீட்டு அவளை விலைக்கு வாங்கும் கிளாக்கஸ் மீது அவளுக்குக் காதல். அவனோ அயோனி என்ற பெண்ணைக் காதலிக்கிறான். போதாததற்கு, நிடியாவை அவளுக்கே பரிசாக அனுப்பிவைக்கிறான்! அந்த அயோனி எகிப்தியன் அர்பாசஸின் வலையில் சிக்கும்போது, ஓடிப்போய்ச் சொல்லி அவளைக் காப்பாற்ற வழிசெய்பவள் நிடியா.

அதே நிடியா, கிளாக்கஸின் மனம் தன் பக்கம் திரும்பும் என்று நம்பி வசிய மருந்தைத் திருடிக் கொடுக்கிறாள். அவனுக்குப் புத்தி பேதலிக்கிறது, கொலைப்பழி விழுகிறது, சிங்கத்தின் முன் நிறுத்தப்படும் நிலை வருகிறது. அர்பாசஸிடம் அடைபட்டுக் கிடக்கும் நிடியா, காவலுக்கு இருந்த அடிமையிடம் பணம் கொடுத்து, உண்மையைச் சொல்லும் கடிதத்தை வெளியே அனுப்புகிறாள். எரிமலை வெடித்து ஊரே இருண்டபோது, இருட்டிலேயே பழகிய அவள்தான் கிளாக்கஸ், அயோனி இருவரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறாள். என் ஓட்டு இவளுக்குத்தான். பொறாமை உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்போதும் உதவுகிறாளே, அதற்காக. ஆனால் ஆசிரியர் அவளைக் கடலில் குதிக்கவைத்து முடித்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காதலர்களின் புது வாழ்க்கையில் அவளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, இந்தப் போட்டியில் மூன்றாவதாக ஒருத்தியை நுழைக்கத் தோன்றுகிறது. ‘குவோ வாடிஸ்’ நாவலிலேயே வரும் ஆக்டே. நீரோவின் பழைய காதலி, விடுதலை பெற்ற அடிமை, வரலாற்றில் வாழ்ந்தவள். அரண்மனையில் லிகியாவுக்கு ஆறுதலாக இருப்பதும், தப்பி ஓடினால் யார் தலை உருளும் என்று எச்சரிப்பதும் இவள்தான். இதில் அவளுக்கு எந்த லாபமும் இல்லை. கி.பி. 68இல் நீரோ செத்த பிறகு, இரண்டு செவிலித்தாய்களோடு சேர்ந்து அவன் அஸ்தியைக் குடும்பக் கல்லறையில் வைத்தவள் ஆக்டே என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அவளை நாயகியாக்காமல் சில பக்கங்களில் முடித்துவிட்டாரே என்ற குறை சியென்கியேவிச் மீது எனக்கு உண்டு.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ‘குவோ வாடிஸ்’ படியுங்கள்; அதில் நீரோவின் அவையில் வரும் பெட்ரோனியுஸின் நக்கலுக்காகவே படிக்கலாம். புல்வர்-லிட்டன் ரோமானிய வீட்டின் அறை அறையாக அழைத்துப்போய் விளக்குவார். பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டு நிடியாவைத் தேடிப் போகலாம்.