லைட்ரூமா, டிஜிகேமா? ரங்கூனிலிருந்து ஒரு கணக்கு

என்னிடம் இரண்டு வகைப் படங்கள் இருக்கின்றன. பெரியப்பாவின் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்த குடும்பப் படங்கள் ஒன்று. தீமிதி, கல்யாணம் என்று நானே ரா (raw) கோப்பாக, அதாவது கேமரா பதிந்தபடியே தரும் மூலக் கோப்பாக, எடுத்துக் குவித்தவை மற்றது. இரண்டையும் அடுக்கவும் திருத்தவும் ஒரே மென்பொருள் போதும் என்று நினைத்துத் தேடியதில் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

படத்தைத் திருத்துவதில் அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் கிளாசிக்கை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். அந்தி நேரத்துத் தீமிதிப் படம் ஒன்றில் தணல் முழுக்க ஆரஞ்சுத் தகடாகத் தெரிந்தது. கரகம் தூக்கிய அம்மாவின் மஞ்சள் புடவையும் அதோடு கரைந்திருந்தது. ஹைலைட்ஸை (அதிக வெளிச்சப் பகுதிகளுக்கான பட்டை) இடப்பக்கம் இழுத்து, திருத்தம் ஆள்மேல் மட்டும் படும்படி மாஸ்க் போட்டு வெளிச்சம் கூட்டினேன். கங்குகள் தனித்தனியாக வந்தன, புடவை மடிப்பும் வந்தது. ஐந்து நிமிட வேலை. அதே படத்துக்கு டார்க்டேபிள் என்ற இலவசத் திருத்து மென்பொருளில் முக்கால் மணி நேரம் ஆனது. வெளிச்சத்தைச் சமன் செய்ய அதிலுள்ள கருவிகளில் ஃபில்மிக்கா, சிக்மாய்டா என்று முடிவெடுக்கவே பாதி நேரம் போனது. மாஸ்க்கை மவுஸால் நானே வரைந்தேன். வந்த படம் ஒன்றும் குறைவில்லை, நம் பொறுமைதான் குறைவு.

ஆனால் லைட்ரூமை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் காலம் 2015இல் வந்த ஆறாம் பதிப்போடு முடிந்தது. இப்போது சந்தா மட்டும்தான், அதுவும் டாலர் கணக்கு. பர்மாவின் சியாட் பணத்தில் சம்பாதிப்பவனுக்கு அது மாசாமாசம் ஒரு புதுத் தொகை. உரிமத்தைச் சரிபார்க்க அவ்வப்போது இணையமும் வேண்டும். சந்தாவை நிறுத்தினால் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் இடமான டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும்.

கூகுள் ஃபோட்டோஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2021 ஜூனிலிருந்து புதிதாக ஏற்றுவதெல்லாம் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள்தான், அதிலும் மெயிலுக்குப் பங்கு உண்டு. கரண்ட் வரும் நேரம் பார்த்து ரா படம் ஏற்றிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

அடுக்கி வைப்பது என்று வந்தால் என் ஓட்டு டிஜிகேமுக்கு. இலவசம், முதலில் இறக்கி வைத்துவிட்டால் பிறகு இணையம் வேண்டாம், முகம் கண்டுபிடிப்பதும் நம் கணினிக்குள்ளேயே நடக்கும். முதல் தடவை தேடவிட்டால் பழைய லேப்டாப் தோசைக்கல் மாதிரி சூடாகும், ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். நான் மயங்கியது இதற்கெல்லாம் அல்ல. நீங்கள் போடும் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் அது படக்கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். மெட்டாடேட்டா (படத்தோடு சேர்ந்த விவரங்கள்) அமைப்பில் அதற்கான டிக் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2016இல் கூகுள்காரர்கள் பிகாசா என்ற படம் அடுக்கும் மென்பொருளை நிறுத்தினார்களே, அன்றிலிருந்து எந்த மென்பொருளும் நிரந்தரம் என்று நான் நம்புவதில்லை. லைட்ரூமும் கேட்டால் கோப்பில் எழுதும், ஆனால் கலெக்‌ஷன், விர்ச்சுவல் காப்பி (ஒரே படத்தின் மாற்றுத் திருத்தம்) எல்லாம் கேட்டலாக் என்ற அதன் சொந்தப் பதிவேட்டோடு நின்றுவிடும்.

ரா கோப்புக்கு டிஜிகேம், டார்க்டேபிள் இரண்டுமே முழுக் கோப்புப் பெயரோடு .எக்ஸ்எம்பி (.xmp) சேர்த்து, விவரங்களை எழுதிய ஒரு சின்னக் கோப்பைப் பக்கத்தில் வைக்கும். அதனால் ஒன்றில் போட்ட குறிச்சொல்லை மற்றதும் படிக்கும். லைட்ரூம் நடுவிலுள்ள வகைப்பெயரை (.nef, .cr2 போன்றது) விட்டுவிடும். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

பெட்டியில் ஒரு படம்: துறைமுகத்தில் சித்தப்பா குடும்பம், காலடியில் மூட்டைகள். பின்பக்கம் பெரியப்பா கையெழுத்தில் '1964, ஊருக்கு'. ஸ்கேனர் அதற்கு 2022 என்று தேதி போட்டிருந்தது. அந்த வரிசைப் படங்கள் நாற்பதையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து டிஜிகேமில் ஒரே மூச்சில் தேதி மாற்றினேன், பெயர்களைத் தமிழிலேயே அடித்தேன்.

இப்போது அடுக்குவது டிஜிகேமில், திருத்துவது டார்க்டேபிளில். காசுக்கு எடுக்கும் கல்யாணப் படம் என்றால் மட்டும் நண்பரின் லைட்ரூமுக்கு ஓடுகிறேன். போன மாதம் அந்த நாற்பது படங்களையும் பென் டிரைவில் வியாசர்பாடிக்குக் கொடுத்தனுப்பினேன். சித்தப்பா பேரன் லைட்ரூம்காரன். "மூட்டை மேல உக்காந்திருக்கிறது எங்க அப்பாவா? பேரு வருதே!" என்று அன்று ராத்திரியே போன் போட்டான்.